பர்லி புகையிலை ஒரு கட்டு கிடைச்சிருக்கு, பழசாக்கி பைப்புல போடலாமா?

நகரி_தறி

எல்லாருக்கும் வணக்கம்ணா. நான் நகரி, வீட்லயே தறி ஓட்றோம். சிகரெட்ட விட்டுட்டு பைப்புக்கு வந்தவன், அது நல்லதா கெட்டதான்னு பஞ்சாயத்து இங்க வேணாம், வீட்லயே தினமும் நடக்குது. எங்க ஊர்ல பைப்பு தூள்னு கேட்டா கடைக்காரன் நம்மள மேலயும் கீழயும் பாக்கறான், திருத்தணி புத்தூர் எங்க போனாலும் அதே கதைதான், மெட்ராஸ்ல ஒண்ணு ரெண்டு கடையில இருக்கு ஆனா 50 கிராம் டப்பா விலைய கேட்டுட்டு பேசாம திரும்பி வந்துரலாம். துபாய்ல இருந்து வர்ற சினேகிதன் ஒருத்தன் ஏர்போர்ட்ல விடற 125 கிராம் கணக்குக்குள்ள ரெண்டு டப்பா கொண்டாந்து குடுத்தான், அதுல ஒண்ணு ஜெர்மன் சரக்கு, சோலானி ஏஜ்ட் பர்லி ஃப்ளேக். அத குடிச்சதுல இருந்து வேற எதுவும் புடிக்கல. வறுத்த வேர்க்கடலை வாசனை, கொஞ்சம் கோகோ, நாக்க கடிக்கவே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். மச்சான் லாரி ஓட்றான், பர்ச்சூர் பக்கம் லோடுக்கு போனப்ப அங்க ஒரு விவசாயி வீட்ல பர்லி இலை தேங்கி கெடந்துதாம். 2025ல விலை விழுந்து மார்க்ஃபெட்னு கூட்டுறவு அமைப்ப வச்சு கவர்மெண்டே வாங்க வேண்டி வந்துச்சே, அந்த நேரத்து சரக்கு. கேட்டதுக்கு ஒரு பெரிய கட்டா கட்டி குடுத்துட்டாரு, டீ காசு கூட வாங்கல. அத சாக்குல சுத்தி பரண் மேல போட்டு வச்சிருக்கேன். ஒரு இலைய நசுக்கி பைப்புல போட்டு பாத்தேன், அப்பா சாமி, மூக்குல அம்மோனியா நெடி ஏறி கண்ணுல தண்ணி, அப்புறம் விக்கல் நிக்கவே இல்ல.

டப்பா மேல ஏஜ்ட், அதாவது பழசாக்கினதுன்னு போட்டிருக்கான். அப்ப இந்த இலைய ஒரு வருஷம் ரெண்டு வருஷம் சும்மா வச்சா அந்த ருசி வந்துருமா? இல்ல நடுவுல ஏதாவது செய்யணுமா? வெல்லம் போடறாங்கன்னு கேள்விப்பட்டேன். சின்ன அளவுல ஒரு நூறு கிராம் கலந்து பாக்கணும்னு ஆசை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஓங்கோல்_கோடவுன்

தம்பி, நான் ஓங்கோல்ல இலை கோடவுன்ல ரொம்ப காலம் கணக்கு பாத்தவன், இப்ப புத்தூர்ல செட்டில். உன் டப்பாவுல இருக்கறதும் உன் பரண்ல இருக்கறதும் ஒரே சரக்கு இல்ல, மொதல்ல அத வாங்கிக்கோ. பர்ச்சூர், இங்கொல்லு பக்கம்னா அது எச்டி பர்லி. ஹார்வெல் டி புக்ஸோ ரியோ கிராண்டேன்னு முழுப்பேரு, விவசாயிங்க கறுப்பு பர்லின்னுதான் சொல்வாங்க. கரிசல் மண்ணுல வெளயறது, இலைய ஒடிச்சு கயித்துல கோத்து வெயில்ல காயப்போடுவாங்க. டப்பாக்காரன் போடறது வெள்ளை பர்லி. அது நம்ம ஆந்திராவுல வினுகொண்டா பக்கமும் கோதாவரி ஏஜென்சி மலைப்பக்கமும் வருது, ராஜமுந்திரி புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஜட்டங்கியில பர்லிக்குன்னே தனி பண்ணை வச்சிருந்துது.

வெள்ளை பர்லியே தற்செயலா வந்ததுதான். 1864ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் பிரவுன் கவுண்டியில ஜார்ஜ் வெப், ஜோசப் ஃபோர்னு ரெண்டு குத்தகைக்காரங்க கென்டக்கியில இருந்து வாங்கின விதைய நாத்து விட்டாங்க, கன்னு வெளுத்துப்போய் வந்துது. அத நட்டு வளத்து காயவச்சு பாத்தா இலை லேசா, பஞ்சு மாதிரி, எந்த வாசனைய தெளிச்சாலும் இழுத்துக்கற இலையா இருந்துது. அதுல இருந்துதான் அமெரிக்க சிகரெட்டும் பாதி பைப்பு டப்பாவும்.

இப்ப உன் கேள்வி. வச்சா பழசாகுமான்னா ஆகும், ஆனா நீ நெனைக்கற மாதிரி இல்ல. வெள்ளை பர்லிய நிழல்ல, காத்தோட்டமா இருக்கற கொட்டகையில 4ல இருந்து 8 வாரம் தொங்க விடுவாங்க. வெட்டின அப்புறமும் இலை கொஞ்ச நாளைக்கு உசுரோடதான் இருக்கும், தன்கிட்ட இருக்கற மாவுச்சத்த சர்க்கரையாக்கி அந்த சர்க்கரையயும் அதுவே தின்னு தீத்துரும். வெர்ஜினியான்னு இன்னொரு ரக புகையிலை இருக்கு, அத அப்படி விட மாட்டான், பேரன்னு சொல்ற சூட்டுக் கொட்டகையில சூடு ஏத்தி ஒரு வாரத்துக்குள்ள காயவச்சுருவான், அதனால அதுல சர்க்கரை 10 சதத்துக்கு மேலயே நிக்கும். பர்லியில ஒண்ணு ரெண்டு சதம் தேறினா பெருசு. டப்பாவுல வருஷக்கணக்கா வச்சு கறுத்து இனிப்பாச்சுன்னு வெளிநாட்டுக்காரன் எழுதறானே, அதெல்லாம் வெர்ஜினியா கதை. சர்க்கரை இல்லாத இலைய எத்தன வருஷம் வச்சாலும் இனிப்பு எங்கருந்து வரும்?

பர்லிய வைக்கறது எதுக்குன்னா, நெடி போகறதுக்கு. நீ கண்ணுல தண்ணி விட்டியே அந்த அம்மோனியா மெதுவா வெளியேறும், முரட்டுத்தனம் அடங்கும். கம்பெனிக்காரன் கூட இலைய திருப்பி காயவச்சு ஈரத்த 12 சதம் கிட்ட கொண்டாந்து அட்டைப்பெட்டியில அமுக்கி, வருஷம் ரெண்டு வருஷம் கோடவுன்ல போட்டுட்டுதான் எடுப்பான். அந்த கடலை வாசனையும் கோகோவும் அப்புறம் நடக்கற வேலையில வர்றது.

அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்து சொல்லு. ஒண்ணு, இலையோட நடு நரம்ப வளைச்சு பாரு. படக்னு ஒடையுதா, இல்ல ரப்பர் மாதிரி மடங்குதா? ரெண்டு, ஒரு இலை ஓரத்துல நெருப்பு வச்சு ஜுவாலைய ஊதி அணைச்சுட்டு பாரு, தணல் தானா நகந்து போகுதா, இல்ல அங்கயே செத்துருதா? அந்த பக்கம் சில இடத்துல கிணத்துத் தண்ணி உப்பு. உப்புத்தண்ணி பாஞ்ச இலையில குளோரைடு ஏறிரும், அது எரியாது, மழைக்காலத்துல ஈரத்த இழுத்துக்கிட்டு சொதசொதன்னு கெடக்கும். அத பத்து வருஷம் வச்சாலும் அப்படியேதான் இருக்கும்.


கொழிஞ்சாம்பாறை

ஓங்கோல் அண்ணா சொன்னது எல்லாம் சரிங்க, ஆனா பர்லிக்கு வயசே ஏறாதுன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. நான் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைங்க, வீட்லயே சின்னச்சின்னதா கலந்து பாக்கற ஆளு. என்கிட்ட சுத்த பர்லிய பரணி ஜாடியில போட்டு மெழுகுத்துணி கட்டி வச்சது இருக்கு, புதுசுல இருந்த கூர் இப்ப இல்லைங்க, ஒரு மாதிரி உருண்டு வந்திருக்கு. அம்மோனியா போனதால மட்டும்னு எனக்கு தோணலைங்க. சரி அது இருக்கட்டும், நகரி தம்பி கேட்டது கலக்கறதப் பத்தி, நான் செய்யற விதத்த சொல்றேனுங்க.

100 கிராம் இலை எடுத்துக்கங்க. காஞ்ச இலைய அப்படியே தொட்டா நொறுங்கிப் போகும், ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி லேசா தெளிச்சு ஒரு பிளாஸ்டிக் கவர்ல ராத்திரி பூரா மூடி வைங்க. காலைல துணி மாதிரி மடங்கும். அப்ப நடு நரம்ப உரிச்சு எடுத்துருங்க. நரம்ப விட்டுட்டா புகை காகிதம் எரிச்ச மாதிரி வரும், எடையில கால்வாசி அதுலயே போயிரும், பரவால்லைங்க.

அடுத்து கேசிங், அதாவது இனிப்புக் கரைசல இலைக்குள்ள ஊற விடறது. பர்லிக்கு இது இல்லாம ஆகாதுங்க, பழைய அமெரிக்க டப்பாக்காரங்க அதிமதுரம், கோகோ, சர்க்கரை இதத்தான் போட்டாங்க. 1907ல வந்த பிரின்ஸ் ஆல்பர்ட்டும் பர்லி சரக்குதான். நான் கருப்பட்டி 5 கிராம் சீவி, ரெண்டு ஸ்பூன் வெந்நீர்ல கரைச்சு வடிகட்டி, இனிப்பு சேக்காத கோகோ பவுடர் ஒரு சிட்டிகை போட்டு கலக்கி, இலை மேல தெளிச்சு பெசஞ்சு விடுவேன். இதுக்கு மேல போடாதீங்க. அதிகமா போட்டா பைப்பு உள்ள பிசுபிசுன்னு அடைக்கும், ஈரத்துல புகை கொதிக்கும், நாக்கு வெந்துரும். நாலஞ்சு மணி நேரம் ஊறட்டும்.

அப்புறம் வறுக்கறது. அந்த வேர்க்கடலை வாசனை இங்கதான் பொறக்குதுங்க. கம்பெனியில கேசிங் போட்ட பர்லிய மட்டும் தனியா சூடான டிரையர்ல ஓட்டுவாங்க. சர்க்கரையும் இலையில இருக்கற அம்மோனியா, அமினோ அமிலமும் சூட்டுல சேந்து வாசனையா மாறும், ரொட்டி மேல் பக்கம் செவக்கறப்ப நடக்குதே அதே வேலை. மிச்ச அம்மோனியாவும் அப்ப கெளம்பிரும். வீட்டு ஓவன்ல 100 டிகிரியில கால் மணி நேரம், நடுவுல ரெண்டு தடவ பெரட்டி விடுங்க. ஓவன் இல்லைன்னா கனமான பழைய தோசைக்கல்லு, அடுப்பு சிம்முல. ஆனா அந்த கல்லுல மறுபடி தோசை ஊத்தாதீங்க, சொல்லிட்டேன். வெளி முத்தத்துல வச்சு செய்யுங்க, நெடி தெரு முனை வரைக்கும் போகும்.

வறுத்ததும் காகிதம் மாதிரி காஞ்சு போயிருக்கும், மறுபடி லேசா தண்ணி தெளிச்சு வெர்ஜினியா சேருங்க. மொத தடவைக்கு பர்லி 7 பங்கு, வெர்ஜினியா 3 பங்கு. வெர்ஜினியா இலை நமக்கு கிடைக்கறது கஷ்டம், ஆந்திராவுலயும் கர்நாடகாவுலயும் அது புகையிலை வாரிய ஏலத்துல லைசென்ஸ் வச்சிருக்கற டீலருக்குத்தான் போகும். கையில சுத்தற ரோலிங் பாக்கெட்டுல வாசனை சேக்காத வெர்ஜினியா வாங்கிக்கங்க, நூல் மாதிரி வெட்டியிருப்பான், சீக்கிரம் எரியும், பர்லிய கொஞ்சம் பெருசா வெட்டினா சரியாப் போயிரும். எடை போடறப்ப ரெண்டுமே ஒரே ஈரத்துல இருக்கணும், இல்லைன்னா கணக்கு பொய்யாயிரும்.

ரெண்டு தேக்கு பலகைக்கு நடுவுல வச்சு சி கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு வாரம் விட்டா கட்டியாயிரும், வாழைக்காய் சிப்ஸ் சீவற கத்தியில மெல்லிசா அறுத்துக்கலாம். அப்புறம் ஜாடி.


நகரி_தறி

அண்ணனுங்களா கோடி நன்றி. ராத்திரி எல்லாத்தையும் எறக்கி பாத்தேன்.

கொழிஞ்சாம்பாறை அண்ணே, கருப்பட்டி எங்க பக்கம் நல்லதா கிடைக்காது, மண்டை வெல்லம் போட்டா ஆகுமா?

ஓங்கோல் அண்ணே, நீங்க சொன்ன நெருப்பு சோதனை பண்ணேன். பாதிக்கு மேல இலையில தணல் மெதுவா நகந்து போகுது, சாம்பல் வெள்ளையா சாம்பல் நெறமா நிக்குது. சில இலையில ஊதினதும் செத்துருது, ஓரம் கரி மாதிரி கறுப்பா நிக்குது, மறுபடி பத்தவச்சா மறுபடி சாவுது. அந்த இலையெல்லாம் கையில புடிச்சாலும் கொஞ்சம் கனமா ஈரமா இருக்கு.

நரம்பு விஷயம். கட்டோட வெளிப்பக்கம் இருக்கறதெல்லாம் படக்னு ஒடையுது. நடுவுல இருக்கறது மடங்குது. அங்க இன்னொண்ணு பாத்தேன், நரம்பு ஓரமா, இலை காம்பு கிட்ட, வெள்ளையா பூத்திருக்கு. விரல் வச்சு தேச்சா போயிருது. வெளிநாட்டு வீடியோவுல ஒருத்தன் இது சர்க்கரை படிகம், நல்லா பழசாகுதுன்னு அர்த்தம், சந்தோஷப்படுங்கன்னு சொன்னான். எனக்கும் சந்தோஷப்படலாமா?


ஓங்கோல்_கோடவுன்

சந்தோஷப்படாத. அது பூஞ்சக்காளான்.

யோசிச்சு பாரு தம்பி, அவன் காட்டறது வெர்ஜினியா ஃப்ளேக், அதுல சர்க்கரை இருக்கு, படிகம் கட்டலாம். உன் இலையில கேசிங் கூட இன்னும் போடல, சர்க்கரையே இல்ல, அப்ப படிகம் எதுல கட்டும்? படிகம்னா வெளிச்சத்துல சாய்ச்சா மினுமினுக்கும், இலை பூரா சிதறிக் கெடக்கும். பூஞ்சக்காளான் ஈரம் நிக்கற இடமா பாத்து, நரம்பும் காம்பும் சேர்ற இடத்துல பஞ்சு மாதிரி தொடங்கும். மோந்து பாரு, மழைக்கு நனஞ்ச சாக்கு வாடை வரும்.

தொடச்சுட்டு யூஸ் பண்ணலாமான்னு அடுத்து கேப்ப. வேணாம். அந்த புகை உன் வாய்க்கும் நெஞ்சுக்கும் போகப்போகுது. பூத்த இலையயும் அத தொட்டுக்கிட்டு இருந்த இலையயும் தூக்கிப் போடு. மாட்டுத்தொட்டி பக்கம் போடாத. மிச்சத்த ஒவ்வொண்ணா பிரிச்சு நிழல்ல கொடி கட்டி தொங்க விடு, நரம்பு ஒடையற வரைக்கும். சாக்கு மூட்டைய எரிச்சுரு, அதுலயும் வித்து இருக்கும்.

தணல் சாவற இலையயும் தனியா எடுத்து வை. அது உப்பு ஏறின இலை, பைப்புக்கு ஆகாது. நடவுல ஒரே வயல்ல கூட மேடு பள்ளத்துக்கு தக்க இப்படி வரும். ஆக உன் கட்டுல பாதிதான் சரக்கு. பாதி மிஞ்சினாலே உனக்கு ரெண்டு வருஷத்துக்கு காணும், எச்டி பர்லி அவ்ளோ காரம்.

இன்னொண்ணு, செடியில கீழ் இலை மெல்லிசா வெளிறி இருக்கும், மேல் இலை சின்னதா தடிச்சு கறுத்து இருக்கும். நிக்கோட்டின் மேல் இலையிலதான் ஜாஸ்தி. மொத கலவைக்கு கீழ் இலையா பொறுக்கி எடு. மேல் இலைய வையி, அதுக்குத்தான் நெஜமாவே காலம் வேணும்.


வேடசந்தூர்_பக்கம்

நான் இந்த பக்கம் எட்டிப் பாத்து ரொம்ப நாளாச்சு. எங்க ஊரு திண்டுக்கல் சுருட்டு பூமி, வேடசந்தூர்ல புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கு. நீங்க எல்லாரும் ஜாடிக்குள்ள வைக்கறதப் பத்தியே பேசறீங்க, நாங்க போர் போடறதப் பத்தி யாரும் சொல்லலையே.

சுருட்டு இலையையும் வாயில போடற இலையையும் காஞ்சதும் அடுக்கி போர் போட்டு மூடுவாங்க. இலை எடையிலயும் ஈரத்துலயும் உள்ள சூடு ஏறும், கை விட்டு பாத்து சூடு மிஞ்சறதுக்குள்ள உள்ள இருக்கறத வெளிய, வெளிய இருக்கறத உள்ளன்னு மாத்தி அடுக்கணும். அம்மோனியா கெளம்பும் பாருங்க, கொட்டகைக்குள்ள நிக்க முடியாது. வாயில போடற இலைக்கு வெல்லத்தண்ணி, உப்புத்தண்ணி தெளிக்கறதும் உண்டு. சும்மா பழசாகறது வேற, இப்படி புளிக்க வைக்கறது வேற. ஜாடியில ரெண்டு வருஷம் ஆகறது போர்ல சில வாரத்துல ஆகிரும்.

ஆனா நகரி தம்பிகிட்ட இருக்கறது ஒரு கட்டு. ஒரு கட்ட வச்சு போர் போட்டா சூடே ஏறாது, பூஞ்சைதான் ஏறும். அதுக்கு நூத்துக்கணக்கான கிலோ வேணும். வெளிநாட்டுல வீட்ல செய்யறவங்க பழைய பிரிட்ஜ் பெட்டிக்குள்ள தண்ணி பாத்திரமும் ஹீட்டரும் வச்சு 50 டிகிரி சூடு, 70 சதம் ஈரப்பதம்னு ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஓட்டறாங்க. அத செய்ய பொறுமையும் கரண்டு பில்லும் வேணும்.

கலவைக்கு ஒரு யோசனை: திண்டுக்கல் சுருட்டு ஒண்ண பிரிச்சு உள் இலைய உதுத்து, பத்துல ஒரு பங்கு போட்டு பாருங்க. அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல செயிண்ட் ஜேம்ஸ் பாரிஷ்னு ஒரு மாவட்டத்துல இலைய பீப்பாயில அமுக்கி அதோட சாறுலயே ஒரு வருஷம் ஊறவிட்டு பெரிக்னு ஒரு புகையிலை பண்றாங்க, அந்த மிளகு காரத்துக்கு நம்ம கையில இருக்கற கிட்டத்து சொந்தம் சுருட்டு இலைதான்.


சும்மா_வந்தேன்

நரம்பு, தணல், பூஞ்சை, போர்... இதுக்கு பேசாம வெத்தலை போட்டுட்டு போயிரலாம் போல இருக்கே. எங்க தாத்தா சுருட்ட பத்தவச்சு வாயில வச்சிக்கினு வயலுக்கு போவாரு, அவரு எந்த ஜாடியயும் பாத்ததில்ல.


குப்பம்_வாத்தியார்

உங்க தாத்தாவ விடுங்க. விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கம் பொம்பளைங்க சுட்டான்னு சொல்ற நாட்டுச் சுருட்ட தணல் பக்கம் வாய்க்குள்ள வச்சு குடிக்கற பழக்கம் உண்டு, அட்ட பொகன்னு சொல்வாங்க, மேல் அண்ணத்துல புத்துநோய் வர்றதுக்கு மருத்துவ காலேஜ்ல அத உதாரணமாவே காட்டுவாங்க. நான் கெமிஸ்ட்ரி வாத்தியார், குப்பத்துல வேலை, குடிக்கறத நிறுத்துங்கன்னு சொல்ல வரல, சொன்னாலும் நிறுத்த மாட்டீங்க. ஆனா இந்த இலையப் பத்தி யாரும் சொல்லாத ஒண்ண சொல்லிட்டு போறேன்.

பர்லிக்கு யூரியா ஜாஸ்தி போடுவாங்க, இலையில நைட்ரேட் சேந்து நிக்கும். காயறப்பவும் அப்புறம் வைக்கறப்பவும் நுண்ணுயிர் அந்த நைட்ரேட்ட நைட்ரைட்டா மாத்தும், அது நிக்கோட்டின் வகையறாவோட சேந்து நைட்ரோசமைன் ஆகும். புகையிலையில புத்துநோய்க்கு பெரிய காரணங்கள்ல அது ஒண்ணு. வெர்ஜினியாவ விட பர்லியில இது பொதுவாவே அதிகம், சூடான இடத்துல வச்சா இன்னும் ஏறும். தகர ஷீட்டு கூரைக்கு கீழ பரண்ல, நகரி மே மாசத்துல, ரெண்டு வருஷம் பழசாக்கறேன்னு ஒருத்தர் கெளம்பினா அவர் பழசாக்கறது எத? அதனால சூட்டுல வச்சா சீக்கிரம் பழுக்கும்னு யார் சொன்னாலும் பர்லிக்கு கேக்காதீங்க. வீட்லயே குளுந்த மூலை, காஞ்ச இலை, அவ்ளோதான். ஊறவச்சு ஈரத்தோட நாள் கணக்குல போட்டு வைக்காதீங்க.

பர்லி புகை காரத்தன்மை உள்ளது, நெஞ்சுக்குள்ள இழுக்காட்டியும் வாய்த்தோல் வழியாவே நிக்கோட்டின் ஏறும். தம்பிக்கு விக்கல் வந்தது அதனாலதான். வெறும் வயித்துல தொடாதீங்க. ஈர இலைய பெசயறப்ப கையில உறை போடுங்க, இலை ஊறின தண்ணிய நாம செடியில அசுவினிக்கு அடிக்கற விஷம்னு ஞாபகம் இருக்கட்டும், நாய் பூனை கொழந்தைங்க இருக்கற வீடு.

அப்புறம் யாராவது நல்லா வந்துச்சுன்னு சொல்லி பொட்டலம் கட்டி விக்க நெனச்சா, அது வேற சட்டம், படம் போட்ட எச்சரிக்கை 85 சதம், வரி, எல்லாம் வரும். சொந்தத்துக்கு பண்றதோட நிறுத்திக்கங்க.


கொழிஞ்சாம்பாறை

வாத்தியார் ஐயா சொன்னதுல சூடு விஷயம் ரொம்ப முக்கியமுங்க, நான் அத அந்த கோணத்துல யோசிச்சதில்லை. எங்க பக்கம் கணவாய் காத்து மார்கழி தையில வறட்டு வறட்டுன்னு அடிக்கும், பரணி மூடி சரியில்லைன்னா இலை பொடிப்பொடியாயிரும், எங்களுக்கு கவலை அதுதான்.

மண்டை வெல்லம் போடலாம் தம்பி, நல்லா வடிகட்டுங்க, மண்ணு இருக்கும். வெள்ளையா இருக்கற வெல்லம் வேணாம், கறுத்த வெல்லமா பாத்து வாங்குங்க.

எவ்ளோ நாள்ங்கறதுக்கு வரேன். கலந்து அறுத்து ஜாடியில போட்ட அப்புறம் ஒரு மாசம் சும்மா விடுங்க, ரெண்டு இலையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டறதுக்கு. அப்பவே குடிக்கலாம். ஆறு மாசத்துல வெர்ஜினியா பங்கு கொஞ்சம் கறுத்து புளிப்பு வாசம் வரும், ஒரு வருஷத்துல இன்னும் நல்லாருக்கும். அதுக்கு மேல இந்த கலவைய வைக்கறதுல எனக்கு பெருசா லாபம் தெரியல, போட்ட கோகோ வாசனை மெதுவா மங்கிரும். வாசனை சேத்த சரக்க வருஷக்கணக்கா வைக்கறவங்க வாசனையத்தான் எழக்கறாங்க. வைக்கணும்னு ஆசைன்னா கேசிங் போடாத வெறும் இலைய வைங்க, ஓங்கோல் அண்ணா சொன்ன மேல் இலைய. நான் பரணியில வச்சது அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் எடுத்து புதுசா வறுத்து கலந்துக்கலாம்.

ஈரம் பாக்க ஒரு சிட்டிகைய ரெண்டு விரல்ல அமுக்கி விடுங்க. உருண்டையாவே நின்னா ஈரம் ஜாஸ்தி, நொறுங்கினா காஞ்சுபோச்சு, மெதுவா விரிஞ்சு கொடுத்தா சரி. பர்லிய மத்தத விட கொஞ்சம் காஞ்சாப்ல குடிச்சாத்தான் ருசிங்க. மக்காச்சோள சக்கை பைப்பு வச்சிருந்தா அதுலயே குடிங்க, அது ஈரத்த உறிஞ்சிக்கும், பர்லிக்கும் அதுக்கும் நல்ல ஜோடி.


ஓங்கோல்_கோடவுன்

கொழிஞ்சாம்பாறை, உங்க பரணி சரக்கு உருண்டு வந்திருக்குன்னீங்க, நான் இன்னும் அது அம்மோனியா போனதுன்னுதான் சொல்வேன். வாசனைய மாத்தறதுக்கு பர்லியில தீனி இல்ல. நீங்க ஒத்துக்க மாட்டீங்க, நானும் விட மாட்டேன், வேற வேலைய பாப்போம்.

சுருட்டு இலை யோசனை நல்லாருக்கு, ஆனா தம்பிகிட்ட இருக்கறது ஏற்கனவே காரமான கறுப்பு பர்லி. அதுல சுருட்டையும் போட்டா விக்கல் இல்ல, வாந்தியே வரும். வெர்ஜினியாவ 3 பங்குக்கு பதிலா பாதிக்கு பாதி போடு தம்பி, பழகின அப்புறம் கொறச்சுக்கோ.


நகரி_தறி

பூத்ததும் தணல் செத்ததும் எல்லாம் கழிச்சாச்சு. நல்லதுன்னு மிஞ்சினது பாதிக்கு கொஞ்சம் கம்மி. நிழல்ல தொங்குது, அம்மா துணி காயப்போடற கொடிய எடுத்துக்கிட்டேன்னு சண்டை.

பாதிக்கு பாதி போட்டே ஆரம்பிக்கறேன் அண்ணே. வறுக்கறத தனி தோசைக்கல்லு வாங்கி பின்னாடி சந்துல செய்யறேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு, ஜாடிக்கு என்ன பண்றது? வீட்ல எவர்சில்வர் டப்பா நெறய இருக்கு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கு, ஊறுகாய் ஜாடி இருக்கு. தறி ஷெட்டு பகல்ல கூட குளுமையா இருக்கும், செவுரு கனம், தரை மண்ணு, அங்க வச்சுரலாமா?


ஓங்கோல்_கோடவுன்

எவர்சில்வர் டப்பா மூடி காத்து புடிக்காது, வேணாம். ஊறுகாய் ஜாடி எண்ணெயும் மிளகாயும் குடிச்சிருக்கும், எவ்ளோ கழுவினாலும் போகாது. கண்ணாடி பாட்டில் சரி, ஹார்லிக்ஸ் பழைய கண்ணாடி பாட்டிலா இருந்து மூடியில உள்ள ரப்பர் நல்லா இருந்தா போதும், இல்லைன்னா மூடி மேல டேப் சுத்து. முக்கா பாகத்துக்கு மேல அமுக்காத. ஒரே பெரிய பாட்டில்ல போடறத விட நாலு சின்ன பாட்டிலா போடு, ஒண்ண தொறந்தா மத்தது கெடாது. மேல தேதியும் எந்த இலை எத்தன பங்குன்னும் எழுதி ஒட்டு, இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு எது எதுன்னு முழிப்ப.

தறி ஷெட்டுல மட்டும் வைக்காத. தறி ஆயிலும் பாவு கஞ்சி வாடையும் சேந்து அடிக்கும். பர்லிதான் எல்லா வாசனையயும் இழுக்கற இலையாச்சே, பாட்டில தொறக்கற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உள்ள போகும். உள் ரூம்ல கட்டிலுக்கு கீழ, செவுத்து ஓரமா, வெளிச்சம் படாம வை. சின்ன பசங்க கைக்கு எட்டாம பூட்டற பெட்டியா இருந்தா இன்னும் நல்லது.